சனிக்கிழமை எழுதின ஜெபம்

(மதுரையில், சபைகளில் ஞாயிறு ஆராதனையில் பிறருக்காக வேண்டுகிற மன்றாட்டு ஜெபம் நடத்துகிறவர்களுக்காக நடந்த ஒருநாள் கூடுகையில் பேசியது)

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். சாப்பாட்டுக்கு அப்புறம் பேச நிறுத்தியிருக்கிறார்கள், அதனால் சுற்றி வளைக்காமல் வந்துவிடுகிறேன். சனிக்கிழமை சாயங்காலம் நம் சபை போதகர் ஐயர் போன் போட்டு "நாளைக்கு மன்றாட்டு நீங்க பண்ணிருங்க" என்பார், நாமும் "சரிங்கய்யா" என்போம், மறுநாள் போய் தேசத் தலைவர்களுக்காக, யுத்தம் நடக்கிற தேசங்களுக்காக, வியாதியஸ்தர்களுக்காக என்று ஒரே மூச்சில் பூமியைச் சுற்றிவந்து ஆமென் போட்டுவிடுவோம். எந்த யுத்தம்? எந்த தேசம்? போன வருஷமும் இதே ஜெபம்தானே.

இதற்கு நேர்மாறாக இன்னொரு வகை உண்டு, நான் அந்த வகை. பேப்பரை மடித்து பைபிளுக்குள் வைத்துக்கொண்டு, எத்தனை பேர் செத்தார்கள், எந்த மந்திரி என்ன சொன்னார் என்று கர்த்தருக்கே செய்தி வாசிப்பது. அவர் பேப்பர் பார்க்கிறதில்லை என்கிற மாதிரி.

2018 ஆகஸ்டில் மேலூர்ப் பக்கம் ஒரு சபையில் ஜெபித்தேன். பெரியாறு அணை 142 அடியைத் தொட்டிருந்த சமயம். 1895-இல் அந்தத் தண்ணீர் கிழக்கே திரும்பினதிலிருந்து மேலூர்க்காரனுக்கு அணை மட்டம் என்பது அடுப்பு எரிவதா இல்லையா என்கிற கணக்கு, உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அணையை நிரப்பினீரே என்று உருகி உருகி ஸ்தோத்திரம் சொன்னேன், சபையாரும் சத்தமாக ஆமென் சொன்னார்கள். வெளியே வந்து செருப்பை மாட்டும்போது ஒரு அம்மா வந்து நின்றார். "தம்பி, எம்மக இடுக்கிப் பக்கம் வாக்கப்பட்டுருக்கா. ரெண்டு நாளா போன் போகல. நீ மழைக்கு ஸ்தோத்திரம் சொன்னப்ப எனக்கு ஆமென் வரலப்பா."

ஒரே மழைதான். இங்கே வயலுக்கு, அங்கே வீட்டுக்குள். கேரள வெள்ளம் எல்லா டிவியிலும் ஓடிக்கொண்டிருந்தது, எனக்கும் தெரியும், ஆனால் அது நான் எழுதிக்கொண்டுபோன ஜெபத்தாளில் "உலகக் காரியங்கள்" என்கிற தலைப்புக்குக் கீழே, மூன்றாவது பத்தியில், "பேரிடரால் பாதிக்கப்பட்டோர்" என்று ஒரு சொல்லாகக் கிடந்தது. ஸ்தோத்திரத்தையும் மன்றாட்டையும் ஒரே வாக்கியத்தில் வைத்திருந்தால் அந்த அம்மா தன் மகளை அதில் பார்த்திருப்பார்.

இன்னொரு ஆபத்து இதைவிட மோசம். 2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை சுனாமி வந்தது, வேளாங்கண்ணியில் கிறிஸ்துமஸுக்கு வந்த யாத்ரீகர்கள் அலையில் செத்துப்போனார்கள், அடுத்த வாரமே இது நியாயத்தீர்ப்பு என்று ஜெபித்தவர்களை நான் என் காதால் கேட்டிருக்கிறேன். லூக்கா 13-ஐ எடுத்துப் பாருங்கள். பிலாத்து செய்த கொலையைப் பற்றி இயேசுவிடம் செய்தி கொண்டுவருகிறார்கள், அவரோ சீலோவாமில் கோபுரம் விழுந்து 18 பேர் செத்ததையும் சேர்த்துச் சொல்லி, அவர்கள் மற்றவர்களைவிடப் பாவிகள் என்று நினைக்கிறீர்களா என்று கேட்டு, இல்லை என்று அவரே பதிலும் சொல்கிறார். மனந்திரும்பச் சொன்னது செத்தவர்களை இல்லை, கேட்டுக்கொண்டு நின்றவர்களை. மைக் முன்னால் நிற்கிற நமக்குத் தீர்ப்பு எழுதுகிற வேலை கிடையாது. ஊருக்கு ஒரு தீர்ப்பு, தேசத்துக்கு ஒரு தீர்ப்பு என்று எழுத நாம் யார்?

சரி, என்ன செய்யலாம்? வியாழக்கிழமையே ஆரம்பியுங்கள். ஐந்து தேசம் வேண்டாம், ஒன்று போதும், ஆனால் அந்த ஊரின் பெயரைச் சரியாக உச்சரிக்கப் பழகுங்கள். சாவு எண்ணிக்கையை எழுதாதீர்கள், ஞாயிறு காலைக்குள் மாறிவிடும். அதற்குப் பதில் அங்கே யார் என்ன செய்துகொண்டிருப்பார்கள் என்று யோசியுங்கள்: ராத்திரி டியூட்டி பார்க்கிற நர்ஸ், தண்ணீர்க் குடத்தோடு வரிசையில் நிற்கிற தாய். எதிரணிக்காரன் வீட்டுத் தாயையும் சேர்த்து. வளைகுடாவில் பிள்ளைகள் வேலை பார்க்கிற குடும்பங்கள் நம் சபைகளில் எத்தனை, அங்கே குண்டு விழுந்தால் அது உலகச் செய்தி இல்லை, நாலாவது பெஞ்சுச் செய்தி. அரசியலா? ராஜாக்களுக்காக ஜெபிக்கச் சொன்ன பவுல் ரோம ராஜ்யத்தில் இருந்துகொண்டு சொன்னார், தனக்குப் பிடித்த கட்சி ஆண்டபோது இல்லை. அவ்வளவுதான் அதைப் பற்றி.

கடைசியாக 2019. நம் ஊரில் அந்த வாரம் எப்படி இருந்தது என்று ஞாபகம் இருக்கும். ஏப்ரல் 18 பெரிய வியாழன், அன்றைக்கே மீனாட்சி தேர், அன்றைக்கே ஓட்டு. தேருக்காக மதுரையில் மட்டும் ராத்திரி 8 மணி வரை ஓட்டுப்போட விட்டார்கள். மறுநாள் அழகர் ஆற்றில் இறங்கினார், நமக்குப் பெரிய வெள்ளி. பௌர்ணமியை வைத்துத்தானே இரண்டு பேருமே கணக்குப் பார்க்கிறோம். நான் சனிக்கிழமையே ஈஸ்டர் மாலை ஆராதனைக்கு அழகாக ஒரு ஜெபம் எழுதி முடித்திருந்தேன். அதிகாலை ஆராதனை முடிந்து வீட்டில் இட்லி சாப்பிடும்போது டிவியில் இலங்கைச் சபைகளில் குண்டு வெடித்த செய்தி: கொழும்பு, நீர்கொழும்பு, மட்டக்களப்பு. மட்டக்களப்பில் சீயோன் சபை, செத்ததில் ஓய்வுநாள் பள்ளிப் (சண்டே ஸ்கூல்) பிள்ளைகள்.

சாயங்காலம் அந்தத் தாளை எடுத்துக்கொண்டுதான் போனேன். முன்வரிசையில் நம் ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகள், காலையில் கொடுத்த புதுச் சட்டையோடு. மூன்று ஊர்ப் பெயரைச் சொன்னேன். அப்புறம் வாய் வரவில்லை. ஒரு நிமிஷம் இருக்கும், பின்னால் ஒரு பெரியவர் "எதுவரைக்கும் ஆண்டவரே" என்றார், சபை அதையே திருப்பிச் சொன்னது.

அப்போதிருந்து என் ஜெபத்தாளில் கீழே நாலு வரி காலியாக விடுகிறேன். சட்டைப்பையில் ஒரு பென்சிலும்.