ஏழாவது இடத்துக்கும் ஒரு பாட்டு

நடுவர் அவர்களே, மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து என்னையே முறைத்துக்கொண்டிருக்கும் ஆற்காட்டு அண்ணனே, பாலாற்றுக் காற்றை நம்பித் திறந்தவெளியில் வந்து உட்கார்ந்திருக்கும் வேலூர்ப் பெருமக்களே, எல்லோருக்கும் வணக்கம்.

டிவி பாட்டுப் போட்டிகளின் பெயரில் வெளிவரும் தொகுப்பு ஆல்பங்களால் வாழ்வது பாடகரா, நிகழ்ச்சியா? இதுதான் தலைப்பு. பாடகரே என்று பேச நான் வந்திருக்கிறேன்.

அண்ணன் நம்மூர்ப் பழமொழியை வைத்தே ஆரம்பித்தார். சாமியில்லாத கோயில், ராஜா இல்லாத கோட்டை, தண்ணியில்லாத ஆறு, அந்த வரிசையில் சொந்தப் பாட்டில்லாத ஆல்பம் என்றார். நீங்கள் கைதட்டினீர்கள், நானும் தட்டினேன். ஆனால் ஐயா, வேலூர்க் கோட்டைக் கோயிலுக்குள் சாமி ஜலகண்டேஸ்வரர் 1981லேயே திரும்ப வந்து உட்கார்ந்துவிட்டார். அண்ணன்தான் இன்னும் வந்து சேரவில்லை.

சரி, சொந்தப் பாட்டு இல்லைதான். யாரோ பாடிய பாட்டைப் போட்டியாளர்கள் திரும்பப் பாடுகிறார்கள். அதனால் பாடகருக்கு என்ன குறைந்துவிட்டது? டி-சீரிஸ் கம்பெனி 80களிலும் 90களிலும் பழைய இந்திப் பாட்டுகளைப் புதுக் குரல்களில் பதிவுசெய்து கேசட் கேசட்டாக விற்றது. அதில் முகமது ரஃபியின் பாட்டுகளைப் பாடிய இளைஞர் ஒருவர், பெயர் சோனு நிகம். 1995ல் ஜீ டிவி 'ச ரி க ம' என்று பாட்டுப் போட்டி தொடங்கியபோது அதை நடத்தித் தரக் கூப்பிட்டது அவரைத்தான். அடுத்தவர் பாட்டைப் பாடிய கேசட்டில் ஆரம்பித்தவர் அவர். அவரை நிழல் என்று ஒதுக்க முடியுமா?

இன்னொன்று. நம் காப்புரிமைச் சட்டம் 1957ஐ 2012ல் திருத்தினார்கள். அதில் 31சி என்று ஒரு பிரிவு, வந்த பாட்டையே வேறொருவர் பாடிப் பதிவுசெய்யும் கவர் வெர்ஷனுக்காகவே வந்தது. முதல் பதிவு செய்யப்பட்ட ஆண்டு முடிந்து ஐந்து வருடம் ஆகியிருக்க வேண்டும். வருடத்துக்குக் குறைந்தது 50,000 பிரதிக்கான ராயல்டியைக் கட்ட வேண்டும். இதெல்லாம் கம்பெனி கவலை, விடுங்கள். எனக்குப் பிடித்தது அட்டையைப் பற்றிய விதி. இந்தப் பிரிவின் கீழ் எடுத்த பாட்டென்றால், முன்னால் பாடியவரின் பெயரையோ படத்தையோ அட்டையில் போடக் கூடாது. கவர் வெர்ஷன் என்றும் அச்சடிக்க வேண்டும். அப்புறம் எந்தப் பெயரைப் போட்டு விற்பது? புதிதாகப் பாடியவர் பெயரைத்தானே!

இந்தப் பெயர் விஷயத்தில் கொஞ்சம் நிற்கிறேன். குடியாத்தம் கெங்கையம்மன் திருவிழாவுக்கு வந்திருக்கிறவர்கள் கை தூக்குங்கள். அடேயப்பா! சரி, இறக்கிவிடுங்கள். நம் பக்கத்துத் திருவிழா மேடைகளில் மெல்லிசைக் கச்சேரி கேட்காதவர்கள் யாரும் இங்கே இருக்க மாட்டீர்கள். மேடையில் ஒரு பெண் நள்ளிரவு தாண்டியும் தொண்டை கட்டாமல் பாடும். கீழே நாம் என்ன சொல்கிறோம்? "அப்படியே ஜானகி அம்மா மாதிரியே இருக்கு." அதற்கு மேல் பாராட்டத் தெரியாது நமக்கு. மேடையில் பாடிய பெண்ணின் பெயர் என்ன? தெரியாது. ஆர்கெஸ்ட்ராவின் பெயர் தெரியும், கீபோர்டுக்காரர் பெயர்கூட தெரியும்.

எதிரணித் தங்கை, ரெக்கார்டிங் சென்டரில் நாங்கள் லிஸ்ட் கொடுத்துப் பதிவு செய்துகொண்டோமே, அதல்லவா தொகுப்பு என்று கேட்டார். நானும் 90 நிமிட கேசட் வாங்கிக் கொடுத்தவன்தான் அம்மா. அந்தக் கோடு போட்ட அட்டையில் கடைக்காரர் பால்பாயின்ட் பேனாவால் பாட்டின் முதல் இரண்டு வார்த்தையை எழுதுவார், பக்கத்தில் படத்தின் பெயர். இடம் போதாவிட்டால் படத்தின் பெயரையும் பாதியில் வெட்டிவிடுவார். பாடியவருக்கு அங்கே இடமே கிடையாது. போட்டித் தொகுப்பை எடுத்துப் பாருங்கள், ஒவ்வொரு பாட்டுக்கும் நேரே ஒரு பெயர் இருக்கும். அங்கே இடமே கிடைக்காத பெயர், இங்கே உள்தாளில் அச்சாகிறது.

கம்பெனிக்குத்தானே லாபம் என்று அண்ணன் மேசையைத் தட்டினார். லாபம்தான். ஆம்பூரில் பிரியாணி போடுகிறவரும் லாபத்துக்குத்தான் போடுகிறார், அதற்காக நமக்குப் பசி அடங்காமல் போகிறதா? ஒப்பந்தத்தில் பாடகருக்குச் சேர வேண்டியது முறையாகச் சேர வேண்டும் என்று கேளுங்கள், நானே எழுந்துவந்து உங்கள் பக்கத்தில் உட்காருகிறேன். அதே 2012 திருத்தம், நிகழ்த்துகிறவரின் பங்களிப்பை வணிகத்துக்குப் பயன்படுத்தினால் அவருக்கும் ராயல்டி உண்டு என்று சொல்லியிருக்கிறது. சட்டத்தைக் கையில் வைத்துச் சண்டை போடுவோம். அதற்காக ஆல்பமே வேண்டாம் என்பது என்ன நியாயம்?

அப்புறம் யூடியூப். எல்லாம் போனில் வந்த பிறகு ஆல்பம் எதற்கு என்கிறார்கள். அந்த வீடியோவை நீங்கள் ஒருமுறையாவது முழுசாகப் பார்த்ததுண்டா? பிள்ளை பல்லவி எடுக்கும். உடனே கேமரா நடுவர் முகத்துக்குப் போகும். அனுபல்லவியில் அம்மா கண்ணைத் துடைப்பார். சரணத்துக்கு முன்னால் 'தும்' என்று ஒரு சத்தம், மெதுவோட்டத்தில் நாலு பேர் எழுந்து நிற்பார்கள். தலைப்பைப் படித்தால் 'நடுவரை அழவைத்த குரல்' என்றிருக்கும். அழுதவர் யாரென்று தெரிகிறது, அழவைத்தவர் பெயரைத் தேடத்தான் வேண்டும்! ஐயா, நான் உங்களைச் சொல்லவில்லை, டிவி நடுவர்களைச் சொன்னேன்.

அமெரிக்க டிவியின் பாட்டுப் போட்டியான அமெரிக்கன் ஐடல் மேடையில் ஒரு பாட்டுக்குக் கிடைப்பது ஏறக்குறைய ஒன்றரை நிமிடம். மூச்சு விடுவதற்குள் முடிந்துவிடும். 2002ல் முதல் சீசன் முடிந்தது, கெல்லி கிளார்க்சன் ஜெயித்தார். அக்டோபரில் தொகுப்பு ஆல்பம் வந்தது, பில்போர்டு பட்டியலில் நாலாவது இடத்தில் நுழைந்தது. அதில் கெல்லி மட்டும் பாடவில்லை. கடைசிச் சுற்றுக்கு வந்த பத்துப் பேருக்கும் ஸ்டூடியோவில் நின்று பாட இடம் கொடுத்தார்கள். ஜெயித்தவருக்கு எப்படியும் தனி ஆல்பம் வரும், படம் வரும், விளம்பரம் வரும். எட்டாவது வந்தவருக்கும் ஒன்பதாவது வந்தவருக்கும் அடுத்த நாளே டிவியில் வேலையில்லை. அவர்கள் கையில் மிஞ்சுவது இந்த ஒரு ஆல்பம்தான். வேறு இடத்தில் வாய்ப்புக் கேட்கப் போகும்போது, "இதோ நான் பாடியது" என்று நீட்ட ஏதாவது ஒன்று வேண்டுமா இல்லையா?

மணியில் கை வைத்துவிட்டீர்கள், முடிக்கிறேன். 2004, அதே போட்டியின் மூன்றாவது சீசன். ஜெனிஃபர் ஹட்சன் என்ற பெண்ணை ஏழாவது இடத்தோடு வீட்டுக்கு அனுப்பினார்கள். அந்த வருடத் தொகுப்பில் அவர் பாட்டும் இருந்தது. அவருக்கென்று தனி ஆல்பம் வர 2008 ஆயிற்று. நடுவில், 2007ல், நடிப்புக்காக ஆஸ்கர் வாங்கிவிட்டார். அந்த நாலு வருடத்தில் நிகழ்ச்சி அவரை வாழவைத்ததா? ஓட்டுப் போட்ட மக்கள் வாழவைத்தார்களா? அவரை ஏழாவதோடு அனுப்பியதே அவர்கள்தான்! எதிரணியில் அடுத்து எழுந்திருப்பவர் முதலில் இந்த ஏழாவது இடத்துக்குப் பதில் சொல்லட்டும், லாபக் கணக்கை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். வணக்கம்.