நூறு நாள் வராத படம்

நேயர்களுக்கு வணக்கம். கையில் இருக்கும் போன் நம்முடையது. அதில் எந்த வசதி வேலை செய்யும் என்று முடிவெடுப்பது மட்டும் பல சமயம் நெட்வொர்க் நிறுவனம். இதைத் தெளிவாகக் காட்டியது 2009-இல் அமெரிக்காவில் ஐபோனுக்கு நடந்த எம்எம்எஸ் விவகாரம். எம்எம்எஸ் என்றால் குறுஞ்செய்தி போலவே போன் எண்ணுக்குப் படம் அனுப்பும் வசதி.

2007-இல் வந்த முதல் ஐபோனில் மின்னஞ்சலில் படம் அனுப்பலாம். ஆனால் சாதாரண மடக்கு போன்களில்கூட இருந்த எம்எம்எஸ் அதில் இல்லை. அதுவரை குறை ஆப்பிளுடையது. 2009 ஜூன் 17 அன்று ஐபோனை இயக்கும் மென்பொருளான ஐபோன் ஓ.எஸ். 3.0 வெளியானபோது அந்தக் குறை தீர்ந்தது. 76 நாடுகளில் 29 நெட்வொர்க் நிறுவனங்கள் தொடக்கத்திலேயே எம்எம்எஸ் தரும் என்று ஆப்பிள் அறிவித்தது. அமெரிக்காவில் ஐபோனை விற்கும் உரிமை ஏடி அண்ட் டி என்ற நெட்வொர்க் நிறுவனத்திடம் மட்டும்தான் இருந்தது. அந்தப் பட்டியலில் அது இல்லை. அங்கே எம்எம்எஸ் வந்தது செப்டம்பர் 25 அன்று. எண்ணிப் பார்த்தால் சரியாக நூறு நாள்.

ஒரு நிறுவனம் எப்படி இதைத் தடுத்து வைக்க முடியும்? படம் ஒரு போனிலிருந்து இன்னொரு போனுக்கு நேரே போவதில்லை. அனுப்புகிறவர் போன் அதை நிறுவனத்தின் எம்எம்எஸ்சி என்ற சர்வரில் கொண்டுபோய்ப் போடுகிறது. அங்கிருந்து உங்களுக்கு வருவது கண்ணில் படாத ஒரு குறுஞ்செய்தி. தபால் நிலையத்தில் பார்சல் வந்திருக்கிறது என்று சீட்டு வருமே, அது மாதிரி. போன் அந்தச் சீட்டிலுள்ள முகவரியைப் பிடித்து, மொபைல் டேட்டாவைத் திறந்து, படத்தை இறக்கிக்கொள்ளும். உங்கள் கணக்கில் எம்எம்எஸ் இல்லை என்று நிறுவனம் குறித்து வைத்திருந்தால் அந்தச் சீட்டே வராது.

அதற்குப் பதிலாக ஐபோன்காரருக்கு வந்தது ஒரு இணைய முகவரி, ஒரு செய்தி எண், ஒரு கடவுச்சொல். அந்தப் பக்கத்துக்குப் போய் எண்ணையும் கடவுச்சொல்லையும் தட்டினால்தான் படம் தெரியும். 3.0-க்கு முந்தைய ஐபோனில் காப்பி, பேஸ்ட் கிடையாது! காகிதத்தில் குறித்துக்கொண்டு தட்ட வேண்டும். பேரக்குழந்தையின் படத்தைப் பார்க்க ஒருவர் இத்தனை பாடுபட வேண்டுமா?

படச்செய்திகள் பெருவெள்ளமாக வரும், அதற்கு நெட்வொர்க்கைத் தயார் செய்ய வேண்டும் என்பது நிறுவனம் சொன்ன காரணம். பாதி நியாயம் இருக்கிறது. எம்எம்எஸ்சி ஒவ்வொரு செய்தியையும் வாங்கி, வைத்திருந்து, கொடுக்கிற சர்வர். அளவு மீறினால் எல்லாருடைய செய்தியும் தேங்கும். ஆனால் அதே நிறுவனத்தின் மற்ற போன்களில் எம்எம்எஸ் ஓடிக்கொண்டிருந்தது. ஐபோன்காரர் மட்டும் காத்திருந்தது முறையல்ல என்பதே என் எண்ணம்.

செப்டம்பர் 25 அன்றும் தானாகத் திறக்கவில்லை. போனைக் கணினியில் உள்ள ஐடியூன்ஸ் மென்பொருளோடு இணைத்து, நெட்வொர்க் நிறுவனத்தின் அமைப்புக் கோப்பைப் புதுப்பித்து, போனை அணைத்துப் போட வேண்டியிருந்தது. அதுவும் பின்னால் வந்த ஐபோன் 3ஜி, ஐபோன் 3ஜிஎஸ் மாடல்களுக்குத்தான். 2007-இன் முதல் ஐபோனுக்குக் கடைசி வரை கிடைக்கவில்லை.

இன்றும் எம்எம்எஸ் ஓடுவது இதே வழியில்தான். படம் போகவில்லை என்றால் முதலில் மொபைல் டேட்டாவைப் பாருங்கள். வீட்டில் வைஃபை இருந்தாலும் பெரும்பாலும் எம்எம்எஸ் மொபைல் டேட்டாவில்தான் போகும், ஏனென்றால் எம்எம்எஸ்சி நிறுவனத்தின் உள்வலையில் இருக்கிறது. ஆண்ட்ராய்டில் ஏபிஎன், அதாவது போன் நிறுவனத்தின் டேட்டா வலையில் சேரும் வழியைச் சொல்லும் அமைப்பைத் திறந்தால் எம்எம்எஸ்சி என்ற கட்டம் காலியாக இருக்கக் கூடாது. ஏபிஎன் வகையில் எம்எம்எஸ் என்ற சொல் இருக்க வேண்டும். சிம் மாற்றிய போன்களில் கோளாறு பெரும்பாலும் இங்கேதான். அளவும் முக்கியம். 300 கேபி, 600 கேபி, 1 எம்பி என்று நிறுவனத்துக்கு நிறுவனம் வரம்பு மாறும். கேமராப் படமோ சில எம்பி இருக்கும். அதனால் போன் சுருக்கி அனுப்புகிறது, போய்ச் சேரும்போது முகம் மங்கிவிடுகிறது.

ஐபோனில் செட்டிங்ஸ், மெசேஜஸ் பகுதியில் (ஐஓஎஸ் 18 முதல் செட்டிங்ஸ், ஆப்ஸ், மெசேஜஸ்) எம்எம்எஸ் சுவிட்ச் இருக்கும். அந்தச் சுவிட்சே காணவில்லை என்றால் போனைக் குற்றம் சொல்லாதீர்கள். செட்டிங்ஸில் ஜெனரல், அபவுட் பக்கத்தைத் திறந்து அரை நிமிடம் காத்திருங்கள். நிறுவனத்தின் புதுப்பிப்பு இருந்தால் அங்கேயே கேட்கும். அதற்கும் வரவில்லை என்றால் வாடிக்கையாளர் மையத்தை அழைத்து, "என் எண்ணுக்கு எம்எம்எஸ் திறந்திருக்கிறதா?" என்று நேராகக் கேளுங்கள். நன்றி, வணக்கம்.