ஹாம் ரேடியோவில் முதல் சில வாரங்கள்

வணக்கம், நேயர்களே. ஹாம் ரேடியோவை, அதாவது உரிமம் பெற்ற ஆர்வலர்கள் வானொலி அலைகள் வழியே ஒருவரோடொருவர் தொடர்புகொள்ளும் பொழுதுபோக்கை, தொடங்க விரும்புகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, எந்தக் கருவியை வாங்கலாம் என்பதைத்தான். அதற்கு என் விடை: பேசும் கருவி எதையும் இப்போது வாங்க வேண்டாம், சில வாரங்கள் கேட்டுப் பழகுங்கள். ஒலிபரப்புவதற்கு உரிமமும், உங்கள் நிலையத்தை அடையாளம் காட்டும் எழுத்தும் எண்ணும் சேர்ந்த அழைப்புக்குறியும் கட்டாயம் வேண்டும். கேட்பதற்குப் பல நாடுகளில் அவை தேவையில்லை. உங்கள் நாட்டின் விதியை மட்டும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

சொந்த ரிசீவர் இல்லாதவர்கள், இணைய உலாவியிலேயே இயங்கும் வெப்எஸ்டிஆர் ரிசீவர்களில் தொடங்கலாம். நெதர்லாந்தின் ட்வென்டே பல்கலைக்கழகத்தில் அமைந்துள்ள ரிசீவர் இவற்றுள் பெயர்பெற்றது. வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால், எஸ்எஸ்பி (ஒற்றைப் பக்கப்பட்டை, அதாவது குரல் அலையின் ஒரு பக்கத்தை மட்டும் அனுப்பும் முறை) வசதி உள்ளதைத் தேர்ந்தெடுங்கள், ஏனெனில் அது இல்லாத சிற்றலை வானொலியில் ஹாம்களின் குரல் புரியாத கரகரப்பாகவே ஒலிக்கும். குரல் உரையாடல்களில், 10 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழே கீழ்ப்பக்கப்பட்டையையும் அதற்கு மேலே மேல்பக்கப்பட்டையையும் பயன்படுத்துவது பொதுவான மரபு.

நான் மிகவும் விரும்பிப் பரிந்துரைக்கும் பயிற்சி ஒன்று உண்டு. 14.100 மெகாஹெர்ட்ஸில், உலகின் வெவ்வேறு பகுதிகளில் அமைக்கப்பட்ட 18 கலங்கரை நிலையங்கள் (அலைகள் எங்கெங்கு எட்டுகின்றன என்று அறிய உதவும் தானியங்கி ஒலிபரப்பிகள்) ஒன்றன்பின் ஒன்றாக, ஒவ்வொன்றும் 10 விநாடிகள் ஒலிபரப்பி, 3 நிமிடங்களில் ஒரு சுற்றை முடிக்கின்றன. ஒவ்வொரு நிலையமும் தன் அழைப்புக்குறியை மோர்ஸில் (குறுகிய, நீண்ட ஒலிகளாலான குறியீட்டில்) அனுப்பிவிட்டு நான்கு நீண்ட ஒலிகளை எழுப்பும். அழைப்புக்குறியும் முதல் ஒலியும் 100 வாட் திறனிலும், அடுத்தவை முறையே 10 வாட், 1 வாட், 0.1 வாட் திறனிலும் வருகின்றன. தொலைதூரக் கண்டம் ஒன்றிலிருந்து மூன்றாவது ஒலியும் காதில் விழும்போது, வெறும் ஒரு வாட் எவ்வளவு தொலைவு செல்லும் என்பதை எந்தப் பாடநூலும் தர இயலாத உறுதியுடன் உணர்வீர்கள். எனக்கு இன்றும் இது சலிக்கவில்லை.

அதே நிலையங்களை வெவ்வேறு நேரங்களில் கேட்டால், வானொலி அலைகளை மீண்டும் பூமிக்குத் திருப்பும் மேல்வளிமண்டலப் பகுதியான அயனி மண்டலத்தின் போக்கும் பிடிபடும். பகலில் அதன் கீழடுக்கு தாழ்ந்த அதிர்வெண்களை உறிஞ்சிவிடுவதால் 7 மெகாஹெர்ட்ஸ் அலைகள் பெரும்பாலும் குறைந்த தொலைவுக்கே பயன்படுகின்றன; இரவில் அந்த அடுக்கு மறைந்ததும் அவையே கண்டம் தாண்டுகின்றன. சூரியப் புள்ளிகளின் ஏறத்தாழ 11 ஆண்டுச் சுழற்சியும் இதில் பெரும்பங்கு வகிக்கிறது.

ஆன்டெனாவுக்கு அதிகம் செலவிட வேண்டியதில்லை. 143ஐ மெகாஹெர்ட்ஸ் எண்ணால் வகுத்தால் அரை அலை டைபோலின் (நடுவில் இணைப்பு கொண்ட, இரு சம கம்பிகளாலான எளிய ஆன்டெனாவின்) நீளம் மீட்டரில் கிடைக்கும், 14.2 மெகாஹெர்ட்ஸுக்கு அது சுமார் 10 மீட்டர், அதாவது ஐந்து ஐந்து மீட்டராக இரண்டு கம்பிகள். மின்கம்பிகளுக்கு அருகில் மட்டும் அதை ஒருபோதும் கட்டாதீர்கள்.

உரிமத் தேர்வுக்கு இதனுடனேயே படித்து வரலாம். மோர்ஸ் தேர்வு கட்டாயம் என்ற பன்னாட்டு விதி 2003இல் நீக்கப்பட்டது. ஆனாலும் கலங்கரை நிலையங்களை அடையாளம் காணவாவது மோர்ஸ் கற்றுக்கொள்ளுங்கள் என்பேன். உரிமம் வந்தபின் முதல் அழைப்பை விடுக்கும் நாளில், அந்த அதிர்வெண்ணில் சற்று நேரம் செவிசாய்த்து, அதை வேறு எவரேனும் பயன்படுத்துகிறார்களா என்று கேட்டுவிட்டு, விடை எதுவும் வராவிட்டால் உங்கள் அழைப்புக்குறியை நிதானமாகச் சொல்லுங்கள்.