ஒரு காலித் தோட்டா உறையும் தானாகச் சுடும் ஆயுதமும்

[திரையில்: மாலை வெளிச்சம், புல்வெளியில் வரிசையாகக் குனிந்து எதையோ தேடும் இளைஞர்கள்]

வணக்கம். சிங்கப்பூரில் தேசிய சேவை, அதாவது கட்டாய ராணுவச் சேவை, செய்தவர்களுக்கு இந்தக் காட்சி உடனே புரிந்துவிடும். துப்பாக்கிப் பயிற்சி முடிந்தாயிற்று, வெயில் சாய்ந்தாயிற்று, எல்லாருக்கும் பசி. ஆனால் எண்ணிக் கொடுத்த தோட்டாக்களுக்கும் திரும்பி வந்த காலி உறைகளுக்கும் கணக்கு இடிக்கிறது. ஒரே ஓர் உறை குறைகிறது. எங்கள் பிரிவில் அன்று அத்தனை பேரும் முழங்கால் போட்டு, புல்லை விரலால் விலக்கி விலக்கித் தேடினோம். கடைசியில் ஒருவன் மணல்மூட்டைக்கு அடியிலிருந்து அதை எடுத்து, மண்ணைத் துடைத்து, பெட்டியில் போட்ட பிறகுதான் கிளம்ப முடிந்தது. அதற்கு முன்பு ஒவ்வொருவரும் மேலதிகாரி முன்னால் நின்று, என்னிடம் தோட்டாவோ காலி உறையோ எதுவும் இல்லை என்று உரக்கச் சொல்ல வேண்டும்.

அப்போது எரிச்சலாக இருந்தது. இப்போது யோசித்தால், சுட்ட ஒவ்வொரு தோட்டாவுக்கும் ஓர் ஆள் பதில் சொல்ல வேண்டும் என்பதைத்தான் அந்தப் பழக்கம் எங்களுக்குள் ஏற்றிக்கொண்டிருந்தது. தானாக இயங்கும் ஆயுதங்களில் காணாமல் போவது அந்த ஆள்தான்.

[திரையில்: கப்பலின் மேல்தளத்தில் சுழலும் பீரங்கி]

சரி, தானாக இயங்கும் ஆயுதம் என்றால் என்ன? சினிமாவில் வருகிற மனித உருவ ரோபோவை மறந்துவிடுங்கள். ஒருமுறை இயக்கிவிட்ட பிறகு, யாரைத் தாக்குவது, எப்போது தாக்குவது என்பதைக் கருவியே தேர்ந்தெடுத்துத் தாக்கினால் அதுதான். இதில் சில வகைகள் பழையவை. போர்க்கப்பலை நோக்கி வரும் ஏவுகணையைத் தானே கண்டுபிடித்துச் சுடும் ஃபாலங்க்ஸ் பீரங்கி பல பத்தாண்டுகளாக இருக்கிறது. ரேடார் அலையை மோப்பம் பிடித்துப்போய் அதன்மேல் விழுந்து வெடிக்கும் இஸ்ரேலின் ஹார்ப்பியும் அப்படித்தான். அவற்றின் இலக்கு இயந்திரம், அதனால் பெரிய சர்ச்சை எழவில்லை. இப்போது கேமராவும் செயற்கை நுண்ணறிவும் (ஏஐ) சேர்ந்து மனிதர்களைத் தேர்ந்தெடுக்கும் இடத்துக்கு வந்திருக்கிறோம். துருக்கியில் செய்த கார்கு-2 வகை ட்ரோன் லிபியாவில் பின்வாங்கிக்கொண்டிருந்த படைகள்மீது 2020-இல் பயன்படுத்தப்பட்டதாக ஐநா நிபுணர் குழு 2021-இல் அறிக்கை கொடுத்தது. அது தானியங்கி முறையில் யாரையாவது கொன்றதா என்பதை அந்த அறிக்கை திட்டவட்டமாகச் சொல்லவில்லை.

[திரையில்: சிராங்கூன் ரோடு, தைப்பூசக் காவடிகள்]

இந்தக் கேமரா உலகத்தை எப்படிப் பார்க்கிறது? அதற்கு அர்த்தம் தெரியாது, வடிவம்தான் தெரியும். லட்சக்கணக்கான படங்களைக் காட்டிப் பழக்கியிருப்பார்கள், புதிதாக ஒன்றைப் பார்த்ததும் பழைய படங்களில் எதோடு ஒத்துப்போகிறது என்று ஒரு மதிப்பெண் போடும், அவ்வளவுதான். தைப்பூசத்தன்று பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயிலுக்குப் போகும் ஒருவரை நினைத்துப் பாருங்கள். உடம்பெல்லாம் கம்பி, கன்னத்தில் வேல், தோளில் இரும்புச் சட்டம், சுற்றிலும் கோஷம் போடும் கூட்டம். பக்கத்தில் பால்குடத்தோடு நடக்கும் அவருடைய அம்மாவுக்கு அது என்னவென்று தெரியும். காவடியையே பார்த்திராத ஒரு மென்பொருள் அதற்கு எந்த மதிப்பெண் போடும்?

போர்க்களத்தில் இது இன்னும் மோசம். காயப்பட்டுக் கிடப்பவரையும் சரணடைபவரையும் தாக்கக் கூடாது என்பது போர்ச் சட்டம். துப்பாக்கியை ஒரு கையில் தூக்கிப் பிடித்தபடி வெளியே வருகிறவன் சரணடைகிறானா, சுட வருகிறானா? அவன் முகத்தையும் நடையையும் தயக்கத்தையும் பார்த்து முடிவு செய்வது பழகிய சிப்பாய்க்கே கஷ்டம்.

கடைசியில் ஒரு மனிதர் ஒப்புதல் கொடுத்தால் போதாதா என்று பலர் கேட்கிறார்கள். எனக்கு மிகவும் கவலை தருவது இந்தப் பதில்தான்.

[திரையில்: பாலைவனம், ஏவுகணை வண்டி]

2003 மார்ச் 23, ஈராக் போர். பணி முடித்துக் குவைத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்த பிரிட்டனின் டொர்னேடோ விமானத்தை அமெரிக்காவின் பேட்ரியட் வான்பாதுகாப்பு ஏவுகணை சுட்டு வீழ்த்தியது. அதில் இருந்த இருவரும் இறந்தார்கள். தரையிறங்க வந்த நட்பு விமானத்தை, ரேடாரைத் தாக்க வரும் ஏவுகணை என்று பேட்ரியட்டின் கணினி வகைப்படுத்திவிட்டது. நான் நட்பு விமானம் என்று காட்டும் விமானத்தின் அடையாளக் கருவியும் அப்போது வேலை செய்யவில்லை என்றே பிரிட்டிஷ் விசாரணை கருதியது. கவனியுங்கள், அங்கே மனிதர்கள் இருந்தார்கள். திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்த குழுவுக்கு முடிவெடுக்கச் சுமார் ஒரு நிமிடம் கிடைத்தது. கணினி ஆபத்து என்கிறது, தங்கள் உயிரும் பணயத்தில் இருக்கிறது, கணினியை நம்பு என்றுதான் பயிற்சியும். நீங்களோ நானோ அங்கே இருந்திருந்தால் என்ன செய்திருப்போம்? பத்தே நாளில், ஏப்ரல் 2-ஆம் தேதி, இன்னொரு பேட்ரியட் அமெரிக்கக் கடற்படையின் விமானத்தையே வீழ்த்தி அதன் விமானியைக் கொன்றது.

யார் குற்றவாளி? பொத்தானை அழுத்தியவரா, மென்பொருள் எழுதியவரா, வாங்கியவரா, அனுப்பி வைத்த தளபதியா? ஆளுக்குக் கொஞ்சம் பங்கு போட்டால் ஒருவர் தலையிலும் முழுதாக விழாது. இருபது வருடத்துக்கு முந்தைய கணினிக்கே இந்தக் கதி என்றால், ஏன் அப்படி முடிவெடுத்தது என்று செய்தவர்களாலேயே விளக்க முடியாத இன்றைய ஏஐயில் எப்படி இருக்கும்!

என் அக்கா மகன் இப்போது தேக்கோங் தீவில் ராணுவப் பயிற்சியில் இருக்கிறான். அவன் கேட்டான்: "மாமா, மெஷின் போய்ச் சண்டை போட்டா நம்ம பசங்க சாக வேண்டாம்ல?" இதை நான் லேசாக ஒதுக்கவே மாட்டேன். 2023-இல் நம் நாட்டின் மொத்தக் கருவள விகிதம், அதாவது ஒரு பெண்ணுக்குச் சராசரியாகப் பிறக்கும் பிள்ளைகளின் எண்ணிக்கை, 0.97-க்கு இறங்கிவிட்டது. பிள்ளைகள் குறைந்தால் சிப்பாய்களும் குறைவார்கள், அந்த இடத்தைத் தொழில்நுட்பத்தால்தான் நிரப்ப முடியும். கண்ணிவெடி தேடவும், இரவில் கடலைக் காவல் காக்கவும் இயந்திரத்தை அனுப்புங்கள், என் ஓட்டு அதற்கு. ஆனால் ஒரு மனிதனைக் கொல்வது என்ற முடிவை அதனிடம் விட முடியாது. நம் பையனைக் காப்பாற்றுகிற அதே ட்ரோனை எதிரியும் வாங்குவான், இன்னும் மலிவாக.

நம் தற்காப்பு அமைச்சு ஏஐ பயன்பாட்டுக்கு 2021-இல் நான்கு கொள்கைகளை அறிவித்தது: பொறுப்பு, பாதுகாப்பு, நம்பகத்தன்மை, உறுதித்தன்மை. 2024-இல் தென்கொரியத் தலைநகர் சோலில் ராணுவ ஏஐ பற்றி நடந்த உச்சநிலை மாநாட்டை இணைந்து நடத்திய நாடுகளில் சிங்கப்பூரும் ஒன்று. நல்லதுதான். ஆனால் கொள்கை வேறு, மீறினால் தண்டனை உள்ள சட்டம் வேறு. கணிக்க முடியாதபடி இயங்கும் ஆயுதங்களையும் மனிதர்களைக் குறிவைக்கும் தானியங்கி ஆயுதங்களையும் தடை செய்யச் சொல்லி அனைத்துலகச் செஞ்சிலுவைக் குழு 2021-இலேயே கேட்டது. 2026-க்குள் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம் வேண்டும் என்றார் ஐநா தலைமைச் செயலாளர் குட்டெரஸ். 2024 டிசம்பரில் ஐநா பொதுச் சபையில் இது பற்றிய தீர்மானத்துக்கு 166 நாடுகள் ஆதரவு, ரஷ்யா, பெலாருஸ், வடகொரியா மூன்றும் எதிர்ப்பு. ஆனால் இந்த ஆயுதங்கள் பற்றி ஜெனிவாவில் 2014 முதல் நடக்கும் பேச்சில் எல்லாரும் ஒத்துக்கொண்டால்தான் எதுவும் நகரும், அதனால் ஒரே ஒரு நாடு நினைத்தாலும் முட்டுக்கட்டை போடலாம்.

இதைப் பார்க்கிறவர்களில் இந்தத் துறையிலேயே வேலை செய்யும் பொறியாளர்கள் இருப்பீர்கள். ரகசியம் எதுவும் சொல்ல வேண்டாம். உங்கள் குழுவில் அடுத்த கூட்டத்தில் ஒன்றை மட்டும் கேளுங்கள்: திரைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவர் "நிறுத்து" என்று சொல்வதற்கு எத்தனை விநாடி கொடுத்திருக்கிறோம்?