சில்ட்ரன் என்ற சொல்லுக்குள் இரண்டு பன்மை

நண்பர்களே, வணக்கம். ஆங்கிலப் பன்மையில் பழைய வடிவம் சரியா, புதிய வடிவம் சரியா என்று பேசச் சொன்னீர்கள். சில்ட்ரன் என்ற சொல்லிலிருந்து தொடங்குகிறேன்.

பழைய ஆங்கிலத்தில் குழந்தைகளைச் 'சில்ட்ரு' என்றார்கள். அது தேய்ந்து 'சில்டர்' ஆனது. அதிலுள்ள 'ர்' தான் பன்மைக் குறி. நாளடைவில் அந்த 'ர்' எதற்காக நிற்கிறது என்பதே மறந்துபோனது. பன்மை குறைகிறதே என்று எண்ணி, மேலே இன்னொரு விகுதியாக 'என்' சேர்த்தார்கள். சில்ட்ரன் பிறந்தது. இன்று ஒரு மாணவர் பன்மைக்குச் 'சில்ட்ரன்ஸ்' என்று எழுதினால் சிவப்பு மையால் அடிக்கிறோம். அவர் செய்ததைத்தானே அன்றைக்கு ஊரே செய்தது?

அந்த 'என்' ஒரு காலத்தில் தெற்கு இங்கிலாந்தில் கொடிகட்டிப் பறந்தது. கண்கள் 'ஐன்', காலணிகள் 'ஷூன்', வீடுகள் 'ஹவுசன்'. வடக்கிலிருந்து பரவிய 'ஸ்' கிட்டத்தட்ட எல்லாவற்றையும் விழுங்கிவிட்டது. எருதுகளைக் குறிக்கும் 'ஆக்ஸன்' தப்பியது. பிரதரென் வேறு வேலை தேடிக்கொண்டது: உடன்பிறந்தவர்களை விட்டுவிட்டு, ஒரே சபையைச் சேர்ந்தவர்களைக் குறிக்கப் போய்விட்டது. பசுக்களைக் குறித்த 'கைன்' 1611-இல் வந்த கிங் ஜேம்ஸ் பைபிளில் இருக்கிறது, இன்று பேச்சில் இல்லை. புத்தகத்துக்கும்கூட ஃபுட், ஃபீட் போல உள்ளே உயிரொலி மாறும் பன்மை இருந்தது. புக்ஸ் என்று சொல்லும்போது யாராவது அதற்காக வருந்துகிறோமா?

பழமைபோலத் தோன்றுவதெல்லாம் பழமையும் அல்ல. ஒருமுறை நான் 'ஆக்டோபஸஸ்' என்றதும் ஒருவர் எழுந்து, 'ஆக்டோபை' தான் சரி என்று திருத்தினார். ஆக்டோபஸ் கிரேக்கச் சொல். அதற்கு லத்தீன் பன்மை போட்டுவிட்டு மரபு என்கிறோம். கிரேக்க முறைப்படி போனால் 'ஆக்டோபோடிஸ்' என்றல்லவா வரவேண்டும்? பழைய வடிவத்துக்குத் தனி வேலை இருந்தால் வைத்துக்கொள்ளலாம். இண்டெக்ஸ் என்ற சொல்லுக்கு இரண்டு பன்மை: கணக்கில் அடுக்குகளுக்கு 'இண்டிசஸ்', புத்தகத்தின் பின்பக்கத்தில் வரும் சொல்லடைவுகளுக்கு 'இண்டெக்ஸஸ்'. தனி வேலை இல்லையென்றால் 'ஸ்' போதும் என்பதே என் கட்சி.

அப்புறம், எனக்கு மிகவும் பிடித்த சம்பவம். அச்சாளர் வில்லியம் காக்ஸ்டன் 1490 வாக்கில் எழுதிய ஒரு முன்னுரையில் இதைச் சொல்கிறார். தேம்ஸில் கப்பலேறிய வணிகர்கள் சிலர், காற்று இல்லாமல் கரையில் தங்கினார்கள். ஒருவர் ஒரு வீட்டில் போய் 'எக்ஸ்' கேட்டார், முட்டைதான். எனக்குப் பிரெஞ்சு தெரியாது என்றார் அந்த வீட்டம்மா. வணிகருக்குக் கோபம், அவருக்கும் பிரெஞ்சு தெரியாதே! இன்னொருவர் 'எய்ரன்' என்று கேட்டதும் அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. இந்தக் காலத்தில் எதைத்தான் எழுதுவது, எக்ஸா எய்ரனா என்று கேட்கிறார் காக்ஸ்டன்.

எய்ரனைக் கவனியுங்கள். சில்ட்ரன் போலவே அதிலும் 'ர்', அதன்மேல் 'என்'. இங்கிலாந்து மண்ணின் சொல் அதுதான். 'எக்' ஸ்காண்டிநேவியாவிலிருந்து குடியேறியவர்களோடு வந்த நார்ஸ் சொல். இன்று அந்த அம்மாவின் மகள்வழிப் பேத்திகள் எல்லோரும் கேட்பது எக்ஸ்தான்.