தண்ணீரைப் பிரிக்க எவ்வளவு செலவாகும்?

நேயர்களுக்கு வணக்கம்.

தண்ணீர் ஊற்றினால் ஓடும் வண்டி என்று ஒரு வீடியோ அவ்வப்போது நம் கைப்பேசிக்கு வந்துவிடுகிறது. தண்ணீரில் ஹைட்ரஜன் இருக்கிறது, ஹைட்ரஜன் எரியும், பிறகு வண்டி ஏன் ஓடாது என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். அதற்குமுன் 1800ஆம் ஆண்டு லண்டனுக்குப் போய்விட்டு வருவோம்.

அந்த மார்ச்சில் வோல்டா என்ற விஞ்ஞானி, தான் உருவாக்கிய மின்னடுக்கை, அதாவது இன்றைய பேட்டரியின் முன்னோடியைப் பற்றி, இத்தாலியிலிருந்து லண்டனின் அறிவியல் சங்கமான ராயல் சொசைட்டிக்குக் கடிதம் எழுதினார். அது அச்சேறும் முன்பே செய்தி தெரிந்துகொண்டவர்களில் ஒருவர் ஆண்டனி கார்லைல் என்ற அறுவை மருத்துவர். அவரும் அறிவியல் பத்திரிகை நடத்திய வில்லியம் நிக்கல்சனும் வெள்ளி நாணயங்களையும் துத்தநாகத் தகடுகளையும் மாற்றி மாற்றி அடுக்கித் தாங்களே ஒன்றைச் செய்துவிட்டார்கள். மேல்தகட்டைக் கம்பி நன்றாகத் தொடட்டும் என்று ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டார்கள். அதில் குமிழி கிளம்பியது! அப்புறம் சும்மா இருப்பார்களா? மே 2ஆம் தேதி, தண்ணீர் நிரப்பிய கண்ணாடிக் குழாயின் இரு முனையிலும் பித்தளைக் கம்பி செருகி மின்சாரம் பாய்ச்சினார்கள். ஒரு கம்பியில் ஹைட்ரஜன் வந்தது. மற்றதில் வாயு இல்லை, கம்பிதான் நிறம் மாறி அரிபட்டது. ஆக்சிஜன் உலோகத்தோடு சேர்ந்துவிட்டது. பிளாட்டினம் கம்பிக்கு மாறியதும் ஆக்சிஜனும் வெளியே வந்தது. வோல்டாவின் கடிதத்துக்கு முன்பே இந்தச் சோதனை நிக்கல்சனின் பத்திரிகையில் வெளிவந்துவிட்டது. வோல்டா என்ன நினைத்தாரோ!

அவர்களைக் குழப்பியது வேறொன்று. ஒரு மூலக்கூறு உடைந்தால் இரண்டு வாயுவும் ஒரே இடத்தில்தானே வர வேண்டும்? இங்கே ஹைட்ரஜன் ஒரு முனையில், ஆக்சிஜன் அங்குலக் கணக்கில் தள்ளி மறுமுனையில். இதற்கு 1806இல் விடை சொன்னவர் க்ரோட்டஸ் என்ற இளைஞர். எந்தத் துகளும் குழாயின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஓட வேண்டியதில்லை. நடுவில் வரிசையாக இருக்கும் மூலக்கூறுகள் பக்கத்து மூலக்கூறோடு பாகங்களை மாற்றிக்கொண்டே போகின்றன என்றார். தண்ணீரின் சரியான வாய்பாடுகூடத் தெரியாத காலம் அது. ஆனாலும் நீரில் ஹைட்ரஜன் அயனி நகரும் விதத்துக்கு இன்றும் அவர் பெயர்தான்.

சரி, வண்டிக்கு வருவோம். தண்ணீர் என்பது ஏற்கெனவே எரிந்து முடிந்த ஹைட்ரஜன், அடுப்புச் சாம்பல் போல. அதை மறுபடி எரிபொருளாக்க, எரிந்தபோது வெளிப்பட்ட ஆற்றல் முழுவதையும் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். ஒரு கிலோ ஹைட்ரஜன் எடுக்கச் சுமார் 9 லிட்டர் தண்ணீரும், எந்த இழப்பும் இல்லாவிட்டால்கூட 39 யூனிட் மின்சாரமும் வேண்டும். நடைமுறையில் 50 யூனிட்டைத் தாண்டும். அந்த ஒரு கிலோவை, ஹைட்ரஜனிலிருந்து மின்சாரம் எடுக்கும் எரிபொருள் கலத்தில் போட்டால் திரும்பக் கிடைப்பது 20 யூனிட்டுக்குள். மின்சாரத்தை நேராக பேட்டரியில் ஏற்றுவதே லாபம். அமெரிக்காவில் தண்ணீர்க் கார் காட்டிப் பணம் வாங்கிய ஸ்டான்லி மேயர் செய்தது மோசடி என்று ஓஹியோ நீதிமன்றம் 1996இல் தீர்ப்பளித்தது.

அதற்காக இந்த முறையே வீண் என்று அர்த்தமில்லை. பஞ்சாபின் நங்கல் உரத் தொழிற்சாலை 1960களில் பக்ரா அணையின் மின்சாரத்தால் தண்ணீரைப் பிரித்துத்தான் அம்மோனியாவுக்கு ஹைட்ரஜன் எடுத்தது. சாதாரண ஹைட்ரஜன் சுலபமாகப் பிரிந்துபோகும், கனமான ஹைட்ரஜன் தண்ணீரிலேயே தங்கும். அந்த வேறுபாட்டைப் பயன்படுத்தி, அணு உலைகளுக்கு வேண்டிய கனநீரும், அதாவது கனமான ஹைட்ரஜன் கொண்ட தண்ணீரும், அங்கே கிடைத்தது. நாட்டின் முதல் கனநீர் ஆலை அதுதான், 1962இல்.

பிறகு இயற்கை எரிவாயு மலிவாகக் கிடைத்ததால் உலகமே அந்தப் பக்கம் போனது. அந்த வழியில் ஒரு கிலோ ஹைட்ரஜனுக்குச் சுமார் 10 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியேறும். சூரிய ஒளியிலும் காற்றிலும் மின்சாரம் மலிவானதால் பழைய முறைக்கு மறுபடி மவுசு வந்திருக்கிறது. இப்படி எடுப்பதைத்தான் பசுமை ஹைட்ரஜன் என்கிறார்கள். 2023இல் மத்திய அரசு பசுமை ஹைட்ரஜன் இயக்கத்துக்கு ஒப்புதல் தந்தது. என் கணிப்பில் இது காருக்கு உதவுவதைவிட உரத்துக்கும் எஃகுக்கும்தான் உதவும்.

வீட்டில் பிள்ளைகள் செய்து பார்க்க ஆசைப்பட்டால் 9 வோல்ட் பேட்டரியும் இரண்டு பென்சில் கரிமுனையும் போதும். தண்ணீரில் மின்சாரம் பாய உப்பு மட்டும் போடவிடாதீர்கள், குளோரின் வாயு வரும். கொஞ்சம் சமையல் சோடா போடுங்கள். ஜன்னல் திறந்திருக்கட்டும், பக்கத்தில் நெருப்பு வேண்டாம். எந்தக் கரியில் குமிழி அதிகம் வருகிறதோ அங்கேதான் ஹைட்ரஜன்.

நன்றி, வணக்கம்.