அந்த 8 விநாடி

வணக்கம் நேயர்களே. நிறுவனங்களுக்குப் படம் எடுப்பது என் தொழில். டிவியில் ஓடும் 30 விநாடி விளம்பரம் இல்லை, ஒரு கம்பெனி தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொள்ளும் 3 நிமிடப் படம், 5 நிமிடப் படம்.

கேமராவைத் தொடுவதற்கு முன்பே சிக்கல் வந்துவிடும். விற்பனைப் பிரிவு ஒரு பட்டியல் தரும், மனிதவளப் பிரிவு ஒன்று தரும், தலைவர் அலுவலகத்திலிருந்து இன்னொன்று வரும், எதையும் விட முடியாது என்பார்கள். பின்னணிக் குரல் நிதானமாகப் படித்தால் நிமிடத்துக்கு 100 சொல் என்று நான் கணக்கு வைத்திருக்கிறேன். ஆக 3 நிமிடத்துக்கு 300. கைக்கு வரும் ஸ்கிரிப்டில் 700 இருக்கும். வேகமாகப் படித்து அடக்கிவிடலாம் என்று இறங்கினால் ஒரு வரிகூட மனசில் நிற்காது. அதிலும் தரம், நம்பிக்கை, புதுமை மாதிரி சொற்களுக்கு என்ன படம் காட்டுவது? கை குலுக்கல், கண்ணாடிக் கட்டடம், ட்ரோன் ஷாட் என்று போய்விடுகிறோம். பெயரை மாற்றினால் எந்தக் கம்பெனிக்கும் பொருந்தும்.

1895-இல், சினிமாவின் முன்னோடிகளான லூமியேர் சகோதரர்கள் தங்கள் சொந்தத் தொழிற்சாலை வாசலில் கேமராவை வைத்து, வேலை முடிந்து ஆட்கள் வெளியே வருவதை எடுத்தார்கள். ஒரு நிமிடம்கூட இல்லை. அதற்கே மூன்று வடிவங்கள் இருக்கின்றன, திரும்பத் திரும்ப எடுத்திருக்கிறார்கள். ஒரு சொல் இல்லாமல் அந்த முகங்களையும் நடையையும் இன்றும் பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

இப்போது என் விஷயத்துக்கு வருகிறேன். பல்சக்கரம் செய்யும் ஒரு தொழிற்சாலையில், தரம் பார்க்கும் அம்மா ஒருவரிடம் நாலு வரி எழுதிக் கொடுத்துப் பேசச் சொன்னோம். காகிதத்தை விட்டுக் கண்ணை எடுக்கவே முடியவில்லை அவரால். சரி, பேச வேண்டாம், வழக்கம்போல வேலையைப் பாருங்கள் என்றேன். சக்கரத்தின் பல் ஒவ்வொன்றின் மேலும் கட்டைவிரலை ஓட்டிக்கொண்டே வந்தவர், ஓரிடத்தில் நின்று, திரும்ப அதே பல்லைத் தடவி, அந்தச் சக்கரத்தை எடுத்துத் தனியே வைத்துவிட்டார். என் கண்ணுக்குப் பிசிறே தெரியவில்லை. மொத்தம் 8 விநாடி. 'தரம்' என்ற சொல்லை ஸ்கிரிப்டிலிருந்து அன்றே அடித்துவிட்டேன்.

ரஃப் கட், அதாவது படத்தின் முதல் தொகுப்பைப் பார்த்த நிர்வாகம் அந்த ஷாட்டைத்தான் முதலில் நீக்கச் சொன்னது. எங்கள் பொருளில் குறை இருப்பதாக நாங்களே காட்டுவதா என்று கேட்டார்கள். நான் விடவில்லை, குறையைக் கண்டுபிடிக்கும் விரல்தான் உங்கள் சொத்து என்று ஒரு வாரம் பேசிப் பேசி, கடைசியில் ஒத்துக்கொண்டார்கள்.

அப்புறம் அந்த அம்மாவிடம் போட்டுக் காட்டினேன். பார்த்துவிட்டுச் சொன்னார்: "சார், நான் நாள் பூரா நல்ல சக்கரத்தைத்தான் எடுத்து வைக்கிறேன், நீங்க நான் தள்ளி வச்சதை மட்டும் போட்டிருக்கீங்களே."

எடிட்டிங் அறைக்குத் திரும்பிப் போனேன். அவர் ஒரு நல்ல சக்கரத்தைத் தடவி, தட்டில் அடுக்கும் 3 விநாடியையும் சேர்த்தேன். அதற்கு இடம் வேண்டுமே, ட்ரோன் ஷாட்டை வெட்டினேன்.